லென்ஸ் வடிவமைப்பு: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: என் சொந்த ஊர் சத்தியமங்கலம். மைசூரு மானசகங்கோத்ரியில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, இங்கேயே ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். உலோகப் பாகங்களைக் கேமரா வைத்து அளந்து, பழுதானவற்றை ஒதுக்கும் பிரிவு. கேமராவும் கம்ப்யூட்டரும் பழகிவிட்டன. லென்ஸ் மட்டும் புதிராகவே இருக்கிறது. விற்பவர் சொல்வதை வாங்கி மாட்டுகிறோம். படம் நடுவில் பளிச்சென்று இருக்கிறது, ஓரத்தில் கலங்கிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. லென்ஸ் எப்படி வடிவமைக்கிறார்கள் என்று முறையாகக் கற்க ஆசை. ஒருவர் பத்துப் புத்தகம் சொல்கிறார். இன்னொருவர், புத்தகமே வேண்டாம், சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள் என்கிறார். புத்தக விலையோ ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எதில் தொடங்கட்டும்?

— ஒரு வாசகர், மைசூரு

பதில்: தம்பி, உங்களுக்கு இப்போது தேவை ஒரே ஒரு புத்தகம். வாரன் ஸ்மித் எழுதிய ‘மாடர்ன் ஆப்டிகல் எஞ்சினியரிங்’. அதற்கு முன்னால், உங்கள் அலமாரியிலேயே இருக்கக்கூடிய ஒரு கல்லூரிப் பாடநூலில் மூன்று அத்தியாயங்கள். ஆறு மாதம் கழித்து கிங்ஸ்லேக் எழுதிய ‘லென்ஸ் டிசைன் ஃபண்டமெண்டல்ஸ்’. முதல் வருடத்துக்கு இவை போதும். ஆனால் எந்தப் புத்தகம் என்பதைவிட அதை எப்படிப் படிப்பது என்பதுதான் பெரிய விஷயம். நல்ல புத்தகத்தை வாங்கி, தேர்வுக்குப் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்து, நாற்பதாம் பக்கத்தோடு நின்றுபோன பலரை நான் அறிவேன். பக்கத்தில் தாளும் கால்குலேட்டரும் இல்லாமல் படித்தால் இந்தத் துறைப் புத்தகம் எதுவும் பிடி கொடுக்காது.

புத்தகத்துக்குப் போகும் முன், உங்கள் ஓரக் கலங்கலைப் பார்த்துவிடலாம். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கேமராவின் கீழ் தட்டையாக வைத்து, நடுப்பகுதி கூர்மையாகத் தெரியும்படி ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். ஓரம் தெளிந்து நடு கலங்கினால், உங்கள் லென்ஸ் தட்டையான பொருளின் பிம்பத்தைக் கிண்ணம்போல் வளைத்துத் தருகிறது. இதற்குப் புலவளைவு என்று பெயர். ஓரத்தில் படுக்கைக் கோடு தெளியும் இடம் ஒன்றாகவும், நிற்கும் கோடு தெளியும் இடம் வேறாகவும் இருந்தால் அது அஸ்டிக்மாடிசம். எப்படித் திருப்பினாலும் ஓரத்துப் புள்ளிகள் வால் முளைத்ததுபோலவே தெரிந்தால் கோமா. கோடுகள் கூர்மையாகவே இருந்து, வளைந்து மட்டும் தெரிந்தால் திரிபு. படம் முழுவதும், நடுவிலும்கூட, மெல்லிய பனி படர்ந்ததுபோல் இருந்தால் கோளப் பிறழ்ச்சி. இந்த ஐந்தையும் 1850-களில் ஜெர்மானியரான லுட்விக் ஸைடல் கணக்கில் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். லென்ஸ் வடிவமைப்பாளர் இன்றும் அந்த ஐந்தோடும், கூடவே நிறப் பிறழ்ச்சியோடும்தான் மல்லுக்கட்டுகிறார்.

அடுத்து, லென்ஸின் துவாரத்தின் விட்டத்தைப் பாதியாகச் சுருக்கிப் பாருங்கள். கோளப் பிறழ்ச்சியால் வந்த கலங்கல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். கோமா நாலில் ஒரு பங்காகும். புலவளைவாலும் அஸ்டிக்மாடிசத்தாலும் வந்தது பாதியாகும். திரிபு இம்மியும் குறையாது. ஆகவே துவாரத்தைச் சுருக்கி எவ்வளவு தெளிந்தது என்று பார்த்தாலே நோய் எதுவென்று பாதி தெரிந்துவிடும். அதற்காகச் சுருக்கிக்கொண்டே போகவும் முடியாது. பச்சை ஒளியில் எஃப்/8-ல் ஒரு புள்ளியின் பிம்பம் சுமார் 11 மைக்ரான் வட்டமாகவும், எஃப்/16-ல் சுமார் 21 மைக்ரானாகவும் விரிகிறது. உங்களைப் போன்றோர் வைத்திருக்கும் தொழிற்சாலைக் கேமராக்களில் பிக்சல் பெரும்பாலும் மூன்று நான்கு மைக்ரான்தான். ஒரு புள்ளி ஆறு பிக்சல் அகலத்துக்குப் பரவினால் அளவெடுப்பது எப்படி? இது கண்ணாடியின் குற்றமல்ல, ஒளியின் இயல்பு: விளிம்பு விளைவு. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி.வி.ராமன் 1906-ல் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையே செவ்வகத் துவாரத்தின் விளிம்பு விளைவைப் பற்றியதுதான். அப்போது அவருக்கு 18 வயது.

எந்த லென்ஸும் எல்லா வேலைக்கும் ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருக்கும் மைசூரில் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இருக்கிறது. 1966-ல் ஊட்டியிலிருந்து அங்கே வந்தது. ஆயிரக்கணக்கான தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் அங்கேதான் காக்கப்பட்டு வந்தன. ஒரு மைப்படியைப் படமெடுப்பவருக்கும் உங்களுக்கும் தேவை ஒன்றே: பொருள் தட்டை, பிம்பமும் தட்டையாக வேண்டும், நேர்க்கோடு ஓரத்திலும் நேர்க்கோடாகவே நிற்க வேண்டும். திருமண மண்டபத்தில் படமெடுப்பவருக்கு ஓரம் கொஞ்சம் கலங்கினால் பரவாயில்லை, முகம் அழகாக வந்தால் போதும். அவருக்குச் செய்த லென்ஸை உங்களுக்கு விற்றிருந்தால் லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. பாகம் சற்று மேலே கீழே நகர்ந்தாலும் அளவு மாறாதிருக்க டெலிசென்ட்ரிக் என்று தனியாக ஒரு வகையே உண்டு. அளவெடுக்கும் வேலைக்கு முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

இனிப் புத்தகம். அஜோய் கட்டக்கின் ‘ஆப்டிக்ஸ்’ உங்களிடம் இருக்கும், அல்லது நண்பரிடம் இருக்கும். டெல்லி ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்தியவர் எழுதியது, இந்தியப் பதிப்பு, விலையும் தாங்கும். அதில் கோள மேற்பரப்பில் ஒளிவிலகல், மேட்ரிக்ஸ் முறை, பிறழ்ச்சிகள் ஆகிய அத்தியாயங்களை மட்டும் மறுபடி படியுங்கள். எம்.எஸ்சி.யில் இவற்றை வேகமாகத் தாண்டி லேசருக்கும் குறுக்கீட்டுக்கும் போயிருப்பார்கள். ஹெக்ட் எழுதிய பாடநூலை வைத்திருந்தாலும் சரி, அதில் ஐந்தாவது, ஆறாவது அத்தியாயங்கள். இரண்டில் ஒன்று போதும்.

அதை முடித்ததும் ஸ்மித்தைத் திறக்காமல் ஒரு நாள் ஒரு கணக்குப் போடுங்கள். நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் முதல் கணக்கு இதுதான். ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் குவிந்த லென்ஸ். கண்ணாடி பி.கே.7. அதன் ஒளிவிலகல் எண் 1.5168. குவிந்த பக்கத்தின் வளைவு ஆரம் 51.68 மி.மீ. ஆக, குவியத் தொலைவு சரியாக 100 மி.மீ. தட்டைப் பக்கம் தூரத்துப் பொருளைப் பார்த்திருக்கிறது. அச்சுக்கு இணையாக, அச்சிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் ஒரு கதிர் வருகிறது. தட்டைப் பக்கத்தில் அது திரும்பாது, நேராக உள்ளே போகும். வளைந்த பக்கத்தில் படுகோணத்தின் சைன் மதிப்பு 10-ஐ 51.68-ஆல் வகுத்தது, அதாவது 0.1935. கோணம் 11.16 பாகை. ஸ்நெல் விதிப்படி வெளியே வரும் கோணத்தின் சைன் 0.2935. கோணம் 17.07 பாகை. கதிர் 5.91 பாகை திரும்பியிருக்கிறது. அது அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால், லென்ஸின் பின்முனையிலிருந்து 95.6 மி.மீ. தூரத்தில். பாடப்புத்தகம் 100 மி.மீ. என்கிறது. மீதி 4.4 மி.மீ. எங்கே போயிற்று? அதுதான் கோளப் பிறழ்ச்சி. நீங்களே உங்கள் கையால் கண்டுபிடித்தது. படத்தில் பார்த்துப் படித்தால் மறுநாள் மறந்துவிடும், இப்படிக் கண்டால் மறக்காது.

இதே கணக்கை 2, 4, 6, 8 மி.மீ. உயரங்களுக்கும் போட்டு வரைபடம் வரையுங்கள். உயரத்தின் வர்க்கப்படி பிழை ஏறுவது தெரியும். மூன்றாம் வரிசைப் பிறழ்ச்சி என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசுவது இதைத்தான்.

இந்த ஒரு கணக்கோடு ஸ்மித்துக்குள் நுழைந்தால் கதவு தானாகத் திறக்கும். 1966-ல் முதல் பதிப்பு வந்தது, நான்காம் பதிப்பு வரை வளர்ந்திருக்கிறது. பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தாலும் தயங்காமல் வாங்குங்கள், அடிப்படை மாறவில்லை. ஸ்மித் தொழில் தெரிந்தவர். சூத்திரத்தைச் சொல்லிவிட்டு, இது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்றும் சொல்வார். பெரிஸ்கோப், டெலஸ்கோப், கண்ணருகு லென்ஸ், கன்டென்சர் என்று ஒவ்வொரு கருவியையும் தொட்டுப் போவார். உங்கள் நிறுவனத்தில் லென்ஸ் தேர்ந்தெடுப்பவர் நீங்கள் என்றால், இந்த ஒரு புத்தகத்தின் முதல் பாதியே அடுத்த பத்து வருடத்துக்குச் சோறு போடும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆனால் தேர்ந்தெடுப்பது வேறு, வடிவமைப்பது வேறு. வடிவமைப்புக்குள் இறங்க நான் காட்டும் வாசல் இரட்டை லென்ஸ். ஒற்றை லென்ஸில் நிறப் பிறழ்ச்சியைப் போக்கவே முடியாது. பி.கே.7 கண்ணாடியில் 500 மி.மீ. குவியத் தொலைவுக்கு ஒரு லென்ஸ் செய்தால், நீலமும் சிவப்பும் குவியும் இடங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 7.8 மி.மீ. இடைவெளி விழும். குவியத் தொலைவை அந்தக் கண்ணாடியின் நிறப் பிரிகையைக் குறிக்கும் அபே எண்ணான 64.17-ஆல் வகுத்தால் வருவது அது. இப்போது எஃப்2 என்ற ஃபிளின்ட் கண்ணாடியைச் சேர்ப்போம். அதன் ஒளிவிலகல் எண் 1.620, அபே எண் 36.37. இரண்டின் நிறப் பிழைகளும் ஒன்றையொன்று அழிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், பி.கே.7-ஆல் ஆன கிரவுன் லென்ஸின் குவியத் தொலைவு 216.6 மி.மீ., ஃபிளின்ட் லென்ஸின் குவியத் தொலைவு மைனஸ் 382 மி.மீ. என்று வரும். கிரவுன் லென்ஸின் இருபுறமும் ஒரே வளைவு என்று வைத்தால் ஆரம் 223.9 மி.மீ. அதன் முதுகில் ஃபிளின்ட்டை ஒட்டினால், கடைசிப் பக்கத்தின் ஆரம் ஏறக்குறைய 4 மீட்டர் என்று வருகிறது. கிட்டத்தட்டத் தட்டைதான். அதைத் தட்டையாகவே வைத்துவிட்டால் நிறம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பட்டறையில் தட்டைப் பக்கம் செய்வது எளிது, அந்த எளிமைக்கு நீங்கள் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பது விடையில் இருக்கும். வடிவமைப்பாளரின் தினசரி வேலையே இந்தப் பேரம்தான்.

ஒரு பிழையை வேறொரு பிழையால் அழிப்பது இந்தத் துறையின் உயிர். இதைச் சொல்லும்போது நீங்கள் படித்த மானசகங்கோத்ரியின் இயற்பியல் துறை நினைவுக்கு வராமல் இருக்காது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே இரண்டு சகோதரர்கள் பாடம் நடத்தினார்கள். ராமனின் சகோதரி மகன்கள். ஒருவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், துறைத் தலைவர், பின்னாளில் திரவப் படிகங்களுக்காக உலகம் அறிந்தவர். மற்றவர் பஞ்சரத்தினம். மைசூருக்கு வருவதற்கு முன்பே, பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் இருபத்தோரு வயதில், ஒளியின் முனைவாக்கத்தை மாற்றும் தகடுகளின் நிறப் பிழையை அவர் தீர்த்திருந்தார். ஒரு தகடு ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும். ஒரே பொருளால் ஆன மூன்று தகடுகளை, நடுத்தகட்டை மட்டும் கணக்கிட்ட கோணத்தில் திருப்பி அடுக்கினால், பல நிறங்களுக்கும் சேர்த்துச் சரியாக நிற்கும் என்று 1955-ல் காட்டினார். வெவ்வேறு கண்ணாடிகளைத் தேடாமல், தவறு செய்யும் மூன்று துண்டுகளை ஒன்றையொன்று திருத்த வைத்தார். வானியல் கருவிகளில் அந்த அமைப்பு அவர் பெயராலேயே இன்றும் இருக்கிறது.

அடுத்த வருடம், 1956-ல், அவர் எழுதிய குறுக்கீட்டுக் கோட்பாட்டில் இருந்த ஒரு கட்ட மாற்றத்தை உலகம் முப்பது வருடம் கழித்துத்தான் முழுதாக உணர்ந்தது. இத்தகைய கட்ட மாற்றத்தைப் பற்றி மைக்கேல் பெரி தம் புகழ்பெற்ற கட்டுரையை 1984-ல் எழுதிய பிறகு, பஞ்சரத்தினம் ஒளியில் அதை முன்பே கண்டிருந்ததை இந்திய விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள். பெரியும் மனமார ஏற்று அதைப் பற்றித் தனியாக எழுதினார். இன்று திரவப் படிக மூலக்கூறுகளை இடத்துக்கு இடம் திசை மாற்றி அடுக்கி, வளைவே இல்லாத தட்டை லென்ஸ்கள் செய்கிறார்கள். அவை வேலை செய்வது அந்தக் கட்ட மாற்றத்தால்தான். அண்ணன் ஆராய்ந்த பொருளும் தம்பி கண்ட தத்துவமும் ஒரு லென்ஸில் சேர்ந்துவிட்டன. பஞ்சரத்தினம் 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டில் 35 வயதில் காலமானார். அவருடைய கட்டுரைகளின் தொகுப்பை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1975-ல் வெளியிட்டது. லென்ஸ் வடிவமைப்புக்கான பாடநூல் அல்ல அது. ஆனாலும் மைசூரில் படித்தவர் நீங்கள். நூலகத்தில் எங்கே கண்டாலும் ஒரு பிற்பகல் அதோடு உட்காருங்கள்.

இரட்டை லென்ஸ் கைக்கு வந்ததும் ருடால்ஃப் கிங்ஸ்லேக்கின் ‘லென்ஸ் டிசைன் ஃபண்டமெண்டல்ஸ்’. 1978-ல் வந்தது, 2010-ல் பாரி ஜான்சன் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பும் உண்டு. கோடாக் நிறுவனத்தின் லென்ஸ் வடிவமைப்புத் துறைக்குத் தலைமை தாங்கியவர், ராச்செஸ்டரில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் நடை நல்ல ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு சொல்லித் தருவதுபோல் இருக்கும். ஒரு லென்ஸை எடுத்துக்கொள்வார், எண்களைக் கொடுப்பார், கதிரை ஓட்டுவார், பிழையைக் காட்டுவார், ஒரு வளைவை மாற்றுவார், மறுபடி ஓட்டுவார். நீங்களும் கூடவே ஓட்ட வேண்டும். இப்போது கால்குலேட்டருக்குப் பதில் எக்செல் தாளோ பைத்தான் நிரலோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நீங்களே எழுத வேண்டும். ஐம்பது வரி நிரல் போதும்.

கிங்ஸ்லேக்குக்குக் குரு அவருடைய மாமனார் அலெக்சாண்டர் கான்ரேடி. முதல் உலகப்போரில் ஜெர்மனியிலிருந்து ஒளியியல் கண்ணாடி வருவது நின்றதும் பிரிட்டன் திணறிப்போனது. அந்த நெருக்கடியில்தான் 1917-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தொழில்நுட்ப ஒளியியல் துறையைத் தொடங்கினார்கள். அங்கே நடத்திய பாடங்களை கான்ரேடி 1929-ல் புத்தகமாக்கினார். இரண்டாம் பகுதியை முடிக்கும் முன் காலமாகிவிட்டார். மருமகன் அதைச் சீர்செய்து 1960-ல் கொண்டுவந்தார். டோவர் மறுபதிப்பு மலிவு. மடக்கைக் கணக்கு நிறைந்த அந்தக் காலத்து நடை, அதனால் முதல் வருடத்தில் வேண்டாம். மூன்றாம் வருடத்தில் படித்தால், இதையெல்லாம் கணினி இல்லாமல் எப்படிச் சிந்தித்தார்கள் என்ற வியப்பு வரும். அந்த வியப்பு ஒருவரை நல்ல வடிவமைப்பாளராக்கும்.

சாஃப்ட்வேர் மட்டும் போதும் என்றாரே உங்கள் நண்பர், அவருக்கு இங்கே பதில் சொல்கிறேன். சாஃப்ட்வேர் இல்லாமல் இன்று யாரும் வடிவமைப்பதில்லை. ஆனால் அதற்குத் தொடக்கத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்குத் திம்பம் வழியாகப் போயிருப்பீர்கள். மூடுபனியில், பாதை தெரியாத ஒருவர் கால் சரிகிற திசையிலேயே இறங்கினால், பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் போய் நிற்பார். அதைவிட ஆழமான பள்ளத்தாக்கு அடுத்த முகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது. சாஃப்ட்வேர் செய்வதும் அதுவே. பிழை குறையும் திசையில் இறங்கும், அருகிலுள்ள பள்ளத்தில் நிற்கும். எந்த மலையில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது உங்கள் அறிவு.

1893-ல் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் செய்த குக் டிரிப்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே கண்ணாடி. ஆறு வளைவுகள், இரண்டு காற்று இடைவெளிகள், ஆக மாற்றக்கூடியவை எட்டு. திருத்த வேண்டியவை: குவியத் தொலைவு, ஸைடலின் ஐந்து, நிறப் பிழை இரண்டு, அவையும் எட்டு. ஏன் மூன்று கண்ணாடியில் இவ்வளவு நல்ல லென்ஸ் சாத்தியமாயிற்று என்பதற்கு விடை இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. இதை அறிந்தவர் சாஃப்ட்வேரில் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று தெரிந்து உட்காருவார். அறியாதவர் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பார்.

ஸீமேக்ஸ், கோட் வி போன்ற சாஃப்ட்வேர்களின் உரிமம் லட்சக்கணக்கில் ஆகும், நிறுவனம் வாங்கினால்தான் உண்டு. வீட்டில் பழக ஆஸ்லோவின் கல்விப் பதிப்பு போதும். பத்து மேற்பரப்பு வரை கொடுக்கலாம், டிரிப்லெட்டுக்குத் தாராளம். பைத்தான் தெரிந்தால் ரே-ஆப்டிக்ஸ், ஆப்டிலாண்ட் என்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. இந்தக் கட்டத்தில் மைக்கேல் கிட்ஜரின் ‘ஃபண்டமெண்டல் ஆப்டிகல் டிசைன்’ நல்ல துணை. மெலிந்த புத்தகம், வளவளப்பு கிடையாது, ஒவ்வொரு லென்ஸ் வகையையும் எண்களோடு காட்டும். ஜோசப் ஜியரியின் புத்தகம் ஸீமேக்ஸ் பயிற்சிகளோடு வருகிறது. நிறுவனத்தில் அது இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இப்போதைக்கு வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். போர்ன், உல்ஃப் எழுதிய ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆப்டிக்ஸ்’ மகத்தான நூல். ஆனால் அதில் தொடங்கி லென்ஸ் வடிவமைத்தவரை நான் பார்த்ததில்லை. வெல்ஃபோர்டின் பிறழ்ச்சி நூலும், ஹோஸே சாசியானின் நூல்களும் அருமையானவை, அவை இரண்டாம் வருடத்துக்கு. லேக்கினின் ‘லென்ஸ் டிசைன்’, ஸ்மித்தின் ‘மாடர்ன் லென்ஸ் டிசைன்’ இரண்டும் நூற்றுக்கணக்கான லென்ஸ்களின் அளவுகளைத் தருபவை, சமையல் குறிப்புத் தொகுப்புகள்போல. அடுப்பு மூட்டத் தெரிந்த பிறகு வாங்குங்கள். நம் நாட்டில் எழுதப்பட்டது வேண்டும் என்றால், கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு இதைக் கற்பித்த லக்ஷ்மிநாராயண் ஹஸ்ராவின் பெரிய நூல் 2022-ல் வந்திருக்கிறது. ஆழமானது, விலையும் அதிகம், நூலகத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காசே செலவழிக்க முடியாத நிலை என்றால், அமெரிக்க ராணுவத்துக்காக 1962-ல் தொகுத்த ‘ஆப்டிகல் டிசைன்’ என்ற கையேடு இருக்கிறது. எண் 141. இலவசமாகக் கிடைக்கிறது. கதிர்த்தடக் கணக்கை அதைவிடப் பொறுமையாகச் சொன்ன புத்தகம் குறைவு.

இவ்வளவும் தாளில். லென்ஸ் செய்வது பட்டறையில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைந்த ஒரு வடிவம் கணக்கில் மிக அழகாக வந்தது. வரைபடத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முப்பது வருடம் மெருகேற்றிப் பழகிய ஒரு மூத்த தொழிலாளி அதை வாங்கிப் பார்த்தார். “சார், இதை எதைப் பிடிச்சு அரைக்கிறது?” என்று கேட்டார். ஓரத்தில் கண்ணாடியின் தடிமன் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. பிட்ச்சில் ஒட்டி எமரி பட்டதும் ஓரம் உதிர்ந்துவிடும். பிறகு அவர் ஒரு நோட்டை எடுத்து, தம்மிடம் இருந்த, வளைவைச் சரிபார்க்கும் சோதனைத் தகடுகளின் ஆரங்களைக் காட்டினார். 223.9 என்று எழுதிவந்தால் புதிதாகத் தகடு செய்ய வேண்டும், பட்டியலில் இருக்கும் ஆரத்துக்கு வடிவத்தை நகர்த்தினால் அடுத்த வாரமே லென்ஸ் கிடைக்கும். அன்று முதல் எந்த வடிவத்தையும் பட்டறையின் நோட்டைப் பார்க்காமல் முடித்ததில்லை. ராபர்ட் ஃபிஷரின் ‘ஆப்டிகல் சிஸ்டம் டிசைன்’ இந்தப் பக்கத்தை, எவ்வளவு பிழை தாங்கும் என்ற கணக்கை, நன்றாகச் சொல்கிறது. சோதிக்கும் முறைகளுக்கு மலகாரா தொகுத்த ‘ஆப்டிகல் ஷாப் டெஸ்டிங்’. ஆனால் ஒரு பட்டறையில் ஒரு வாரம் நிற்பதற்கு இரண்டும் ஈடாகாது.

அதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெங்களூரில் லென்ஸ் அரைக்கும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கேதான் இஸ்ரோவின் எலக்ட்ரோ-ஆப்டிக்ஸ் ஆய்வகமும், கோரமங்கலாவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெரிய ஆடியை அந்த நிறுவனத்தார் பெங்களூரிலேயே அரைத்து மெருகேற்றினார்கள். ஆதித்யா-எல்1 கலத்தில் சூரிய ஒளிவட்டத்தைப் பார்க்கும் கருவியும் அவர்கள் உருவாக்கியதுதான். பொதுமக்கள் பார்வையிடும் நாளில் காவலூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். வேலையை விட்டுப் படிக்க முடிந்தால் டெல்லி ஐ.ஐ.டி.யிலும் திருவனந்தபுரம் விண்வெளி அறிவியல் கழகத்திலும் ஒளியியலில் எம்.டெக். இருக்கிறது. முடியாவிட்டாலும் குறையில்லை. இந்தத் துறையில் நல்ல பெயர் வாங்கியவர்களில் வேலையோடு வேலையாகக் கற்றவர்கள் நிறைய உண்டு.

ஸ்மித்தை வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன அதே லென்ஸைத் திருப்பி வையுங்கள். குவிந்த பக்கம் தூரத்தைப் பார்க்கட்டும். நடுவில் தடிமன் 4 மி.மீ. அதே 10 மி.மீ. உயரக் கதிர். இப்போது அது இரண்டு பக்கமும் திரும்பும், கணக்கு சற்று நீளும். அச்சை ஒட்டிய கதிர் எங்கே குவிகிறது, இந்தக் கதிர் எங்கே குவிகிறது, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று கண்டுபிடித்து, எல்லாப் படிகளோடும் எனக்கு எழுதுங்கள். முன்பு வந்த 4.4-க்குப் பக்கத்தில் அந்த எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கணக்கை அனுப்புகிறேன்.